கப்பல் தாமதிக்கலாம், மாத்திரை தாமதிக்கக் கூடாது

புதுதில்லி: நாட்டின் தென்கோடியான இந்திரா முனை அமைந்துள்ள கிரேட் நிக்கோபார் தீவின் தலைமையிடம் கேம்பல் பே. அண்மை ஆண்டுகளில் நாடாளுமன்றத்தில் இத்தீவின் பெயர் அடிக்கடி ஒலிக்கிறது. கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புதிய நகரம் ஆகியவற்றை அமைக்கும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. அது முதல் காடு, கடல் ஆமை, ஷோம்பென் பழங்குடியினர், நாட்டின் பாதுகாப்பு என்று பல கோணங்களில் கேள்விகள் எழுந்த வண்ணம் உள்ளன. அவை எழ வேண்டிய கேள்விகளே. ஆனால் அத்தீவில் ஏற்கெனவே வாழ்பவர்களில் வலிப்பு நோய் உள்ள ஒருவருக்கு, நாள் தவறாமல் உண்ண வேண்டிய மாத்திரை தடையின்றிக் கிடைக்க என்ன வழி என்பது அத்தனை பெரிய கேள்வியாக எவருக்கும் தோன்றுவதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கிரேட் நிக்கோபாரில் வசிப்போர் சுமார் 8 ஆயிரம் பேர். நிக்கோபாரிகளும் ஷோம்பென்களும் மண்ணின் மைந்தர்கள். 1969 முதல் தமிழகம், பஞ்சாப், கேரளம் உள்ளிட்ட மாநிலங்களிலிருந்து முன்னாள் ராணுவத்தினர் இங்கு குடியமர்த்தப்பட்டனர். நாட்டில் வலிப்பு நோயாளிகள் ஒரு கோடிக்கும் குறையாமல் உள்ளனர் என மதிப்பிடப்படுகிறது. அந்த விகிதம் இங்கும் பொருந்துமெனில் தீவில் ஐம்பது, அறுபது பேருக்கு இந்நோய் இருக்கக் கூடும். இது விகிதக் கணக்குதான். வீடு வீடாக எடுத்த கணக்கு அல்ல.

ரத்தத்தில் ஓர் அளவு: தலைவலி மாத்திரையைப் போல, வந்த பிறகு உண்பதல்ல வலிப்பு மருந்து. வராமல் தடுக்க, ரத்தத்தில் அதன் அளவு ஒரு வரம்புக்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். அந்த அளவு எவ்வளவு விரைவில் இறங்கும் என்பது மருந்துக்கு மருந்து மாறுபடும். இப்போது பரவலாக எழுதித் தரப்படும் லெவடிரசெட்டாம் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவேதான் அதைக் காலையும் இரவும் உண்ணச் சொல்கின்றனர். காலை 8 மணிக்கு உண்டவர் இரவு வேளையை மறந்துவிட்டால், மறுநாள் விடியும்போது பாதுகாப்பு பெருமளவு தேய்ந்திருக்கும். 1912-லிருந்து புழக்கத்தில் உள்ள பினோபார்பிடோன் பாதியாகக் குறைய மூன்று, நான்கு நாள்கள் ஆகும்; இரவில் ஒரு வேளை போதும். விலையும் மிகக் குறைவு. ஆனால் தூக்கக் கலக்கம், குழந்தைகளிடம் கவனச் சிதறல் போன்ற குறைகள் அதற்கு உண்டு. அதைத் திடீரென நிறுத்தினால் முன்பு இருந்ததைவிடக் கடுமையான வலிப்பு வரக் கூடும்.

ஒரு வேளை தவறினால் நினைவு வந்தவுடன் உண்ணலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிட வேண்டும். இரண்டையும் சேர்த்து உண்ணக் கூடாது என்பதே பொதுவாகக் கூறப்படும் அறிவுரை. மருத்துவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அதன்படி நடக்க வேண்டும். வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் தீவுக்குக் குடிபெயர்ந்தோருடன் கடல் கடந்திருந்தாலும் வியப்பில்லை. அதனால் பயன் ஏதுமில்லை. ஐந்து நிமிடங்களுக்கு மேல் வலிப்பு நீடித்தால் உடனடியாக மருத்துவ உதவி தேவை. நிலப்பகுதியில் அதற்கு ஆம்புலன்ஸ் வரும். கேம்பல் பேயில் உயர் சிகிச்சைக்குக் கப்பலோ ஹெலிகாப்டரோ வேண்டும்.

540 கிலோமீட்டர்: 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்கும் கேம்பல் பேக்கும் இடையே கடல் வழி தொலைவு சுமார் 540 கி.மீ. யூனியன் பிரதேசத்தின் பெரிய அரசு மருத்துவமனையான ஜி.பி. பந்த் மருத்துவமனையும், 2015-ல் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரியும் அங்குதான் உள்ளன. வழியில் உள்ள தீவுகளைத் தொட்டுச் செல்லும் கப்பலில் பயணம் இரண்டு நாள் வரை நீளும். பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் தள்ளிப்போகும். ஹெலிகாப்டரில் இருக்கைகள் சில. வானிலையும் ஒத்துழைக்க வேண்டும்.

முப்பது நாள்களுக்கு மட்டும் மாத்திரை பெற்ற ஒருவருக்குக் கப்பல் ஒரு வாரம் தள்ளிப்போனால் என்ன நேரும் என்பதை விளக்கத் தேவையில்லை. கடல் பயணத்தில் வாந்தி எடுப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். உண்ட மாத்திரை உள்ளே தங்கியதா, வெளியேறியதா என்பதே தெரியாது. மருத்துவரைப் பார்க்கச் செல்லும் பயணத்திலேயே வேளை தவறும் முரண் இது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இத்தீவின் தென்முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் சென்றது. தெற்கே செல்லும் சாலை துண்டிக்கப்பட்டு, கடலோரக் குடியிருப்புகள் அழிந்து, உயிர் தப்பியோர் கேம்பல் பேயில் தங்க வைக்கப்பட்டனர். வீட்டையே கடல் கொண்டுபோனபோது மாத்திரை அட்டை எங்கே மிஞ்சியிருக்கும்? 2011-ல் ஜப்பானைச் சுனாமி தாக்கிய பின்னர், பாதிக்கப்பட்ட கெசென்னுமா நகர மருத்துவமனைக்கு வலிப்புடன் வந்தோர் எண்ணிக்கை உயர்ந்ததை அந்நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்தனர்.

எளந்தூர் காட்டிய வழி: நரம்பியல் நிபுணர் அருகில் இல்லாத இடத்தில் இந்நோயைக் கட்டுப்படுத்த முடியாது என்பதில்லை. கர்நாடகத்தின் எளந்தூர் பகுதிக் கிராமங்களில் டாக்டர் கே.எஸ். மணி குழுவினர் பினோபார்பிடோன், பினைடாயின் ஆகிய இரண்டு மலிவான மருந்துகளைக் கொண்டே சிகிச்சை அளித்தனர். அதன் முடிவுகள் 2001-ல் லான்செட் இதழில் வெளியாயின. முறையான சிகிச்சை கிடைத்தால் நோயாளிகளில் 70 சதவீதம் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ‘முறையான’ என்ற சொல்லுக்குள் தடையற்ற மருந்து இருப்பும் அடங்கும்.

மாத்திரை தவறுவதற்குக் கடல் மட்டுமே காரணமல்ல. மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரையை ஒளித்து வைத்து உண்ணும் பெண்கள் நாடெங்கும் உண்டு. ‘அடிக்கடி வரும் வலிப்பு’ திருமணத் தகுதிக்குத் தடை என்ற வாசகம், 1976 திருத்தம் மூலம் இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் புகுந்தது. அதை நீக்க நாடாளுமன்றத்துக்கு 1999 வரை ஆயிற்று. சட்டத்தில் மறைந்தது, பெண் பார்க்கும் படலத்தில் இன்னும் மறையவில்லை.

ஓர் உறுப்பினர் மட்டுமே: அந்தமான்-நிக்கோபாருக்குச் சட்டப்பேரவை கிடையாது. மக்களவையில் ஓர் உறுப்பினர் உண்டு, மாநிலங்களவையில் எவருமில்லை. சட்டப்பேரவை உள்ள மாநிலத்தில் மருந்து இருப்பு பற்றிப் பேரவையில் அமைச்சரைக் கேட்கலாம். இங்கு தில்லியில்தான் கேட்க வேண்டும். யூனியன் பிரதேசத்துக்கான நிதி, உள்துறை அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளுடன் வருகிறது. விவாதத்துக்கு நேரமின்றி ‘கில்லட்டின்’ முறையில் ஒட்டுமொத்தமாக நிறைவேறும் கோரிக்கைகள் ஆண்டுதோறும் பல.

2020 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட சென்னை-அந்தமான் கடலடி கண்ணாடி இழை கேபிள் கிரேட் நிக்கோபார் வரை நீள்கிறது. காணொலியில் மருத்துவரைக் காண அது உதவும். மாத்திரை கேபிள் வழியே வராது. கடல் சீற்றத்தைக் கணக்கிட்டு மூன்று மாத மருந்தை ஒரே தவணையில் வழங்குவதும், கேம்பல் பேயிலேயே அவசர இருப்பு வைப்பதும் பெரும் செலவு பிடிப்பவை அல்ல. இம்மருந்துகள் 2022 தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ளவையே.

வலிப்பு நோயாளிகளில் 80 சதவீதத்தினருக்கு 2031-க்குள் மருந்து எட்ட வேண்டும் என்ற இலக்கை உலக சுகாதார மாநாடு 2022-ல் ஏற்றது. கேம்பல் பேயில் எந்தெந்த வலிப்பு மருந்து எத்தனை நாளுக்கு இருப்பில் உள்ளது, கடந்த ஓராண்டில் எத்தனை நாள் இருப்பு தீர்ந்தது என்ற விவரங்களைக் கேட்க, மக்களவையில் நட்சத்திரக் குறியிடாத ஒரு கேள்வி போதும். அதற்குத் தேவை 15 நாள் முன்னறிவிப்பும் ஓர் உறுப்பினரின் கையொப்பமும். அந்த உறுப்பினர் அந்தமானைச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று விதி ஏதுமில்லை.