இறப்பர் வித்தும் உழைப்பும்

வித்து முளைத்தலை இயற்கையின் தனிச்செயலாகவே நாம் நோக்கிப் பழகியுள்ளோம். நீரும் காற்றும் உகந்த வெப்பமும் அமையின் முளைவேர் முதலிற் கீழிறங்கும். தண்டு பின்னர் மேலெழும். ஆயினும் எவ்வித்து, எங்கு, எவர் பொருட்டு முளைக்கின்றது என்பது வரலாறு சார்ந்த வினாவாகும். இறப்பர் வித்து இதற்குத் தக்க சான்று.

நெல்லை உலர்த்தி அடுத்த போகம்வரை பேணலாம். இறப்பர் வித்தோ உலர்ந்தால் உயிரிழக்கும். சாதாரண நிலையிற் சில வாரங்களிலேயே அதன் முளைதிறன் குன்றிவிடும். 1876இல் ஹென்றி விக்கம் அமேசன் பள்ளத்தாக்கிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுசென்ற ஏறத்தாழ 70,000 வித்துக்களுள் நூற்றுக்கு நான்கேனும் முளைக்கவில்லை. அவ்வாண்டிலேயே ஏறத்தாழ 1,900 நாற்றுக்கள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. ஹெனரத்கொடைப் பூங்காவில் அவை வேரூன்றின.

விக்கத்தின் பெயரை நூல்கள் கூறும். காட்டில் அவ்வித்துக்களைப் பொறுக்கித் தந்த பூர்வீகக் குடிகளின் பெயர்களை அவை கூறுவதில்லை. மோட்டார் வாகனத் தொழில் வளர்ந்து இறப்பரின் தேவை பெருகிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவ்வித்துக்களின் வழிவந்த மரங்கள் பிரித்தானிய மூலதனத்திற்குப் பேரிலாபம் ஈட்டின. மலாயாவிற் காடழித்து, குழிதோண்டி, கன்று நட்டு, பால்வெட்டிய தொழிலாளருட் பெருந்தொகையினர் தமிழகத்திலிருந்து சென்ற ஏழைமக்களே. மரம் அவர்கள் கையால் வளர்ந்தது. நிலமும் விளைவும் பிறர்க்குரியனவாயின.

வித்து முளைப்பதற்கான நிபந்தனைகளைத் தாவரவியல் விளக்கும். விளைவு எவரைச் சேர்கின்றது என்பதை உற்பத்தி உறவுகளே தீர்மானிக்கின்றன. இவ்விரண்டையும் ஒருங்கே ஆராயும்போதே ஒரு பயிரின் வரலாற்றை நாம் முழுமையாக அறிந்தவராவோம்.