மாற்று நுரையீரலும் குருதியில் உலவும் கொடையாளர் அணுக்களும்

இதயத்தின் வலப்பக்கத்து இரத்தம் நடுச்சுவரின் வழியே ஊடுருவிச் செல்வதில்லை, நுரையீரலுக்குச் சென்று காற்றுடன் கலந்த பின்னரே இடப்பக்கத்தை அடைகிறது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதியவர் இப்னுந் நஃபீஸ் (இறப்பு கி.பி. 1288). உடலைச் சுற்றிவரும் இரத்தம் அனைத்தும் நுரையீரலைக் கடந்தாக வேண்டும் என்னும் இவ்வுண்மை, நுரையீரல் மாற்றுச் சிகிச்சை பெற்றோரிடம் காணப்படும் ஒரு வியப்பை விளக்கத் துணைபுரிகிறது.

ஒவ்வொரு மூச்சிலும் தூசியும் கிருமியும் உட்புகுவதால், நுரையீரலில் நோயெதிர்ப்பு அணுக்கள் பெருந்திரளாகக் குடியிருக்கின்றன. கொடையாளரின் உடலிலிருந்து அதனை எடுக்கும்போது இரத்தக் குழாய்களைக் குளிர்ந்த திரவத்தால் கழுவுவர். எனினும் திசுக்களுக்குள் தங்கியுள்ள அணுக்கள் முற்றிலும் அகல்வதில்லை. புதிய உடலின் இரத்தம் பாயத் தொடங்கியதும் அவற்றுள் ஒரு பகுதி அதனுடன் கலந்து உலவத் தொடங்குகிறது. அணுக்களின் மேற்பரப்பிலுள்ள எச்.எல்.ஏ. என்னும் புரதங்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், எந்த அணு யாருடையது என்று பிரித்தறிய முடிகிறது.

ஜெர்மனியின் ஹனோவர் மருத்துவ ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்குப் பின் நோயாளியரின் இரத்தத்தில் கொடையாளரின் 'டி' அணுக்களும், 'இயற்கைக் கொல்லி' எனப்படும் அணுக்களும் காணப்பட்டன. இரத்தத்தில் உலவுபவை நாளடைவில் குறைந்துவிடுகின்றன. நுரையீரலிலேயே தங்கிவிடுபவையோ நெடுநாள் வாழ்கின்றன. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு (2019) சிலரிடம் ஓராண்டுக்கு மேலும் அவற்றைக் கண்டது. அவை மிகுதியாக நிலைத்தவர்களிடம் தொடக்ககாலச் சிக்கல்கள் குறைவாக இருந்தன என்பது கவனத்திற்குரியது. ஈரல், சிறுநீரகம் பெற்று நெடுங்காலம் வாழ்ந்தோரிடம் கொடையாளர் அணுக்களைக் கண்ட தாமஸ் ஸ்டார்ஸல், இரு தரப்பு அணுக்களின் இணக்கமே உறுப்பு ஏற்கப்படுவதற்கு அடிப்படை என 1992இல் கருதினார். அக்கருத்து இன்றும் விவாதத்திற்கு உரியதே. அரிதாக இவ்வணுக்கள் புதிய உடலையே தாக்கி உயிருக்கு ஊறு விளைப்பதும் உண்டு.

இங்கே ஒரு வினா எழக்கூடும்: பிறருடைய உயிரணுக்கள் குருதியில் உலவுமாயின் நஸப் எனும் வமிசம் கலந்துவிடாதா? உறுப்பு மாற்றத்தைப் பற்றியே துணைக்கண்ட அறிஞர்களிடையே மாற்றுக் கருத்துகள் உண்டு. ஜித்தாவில் 1988இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, உரிய அனுமதி முதலிய நிபந்தனைகளுடன் அதனை ஆகுமாக்கியது. அதே அகாடமி 1990இல் விதைப்பையையும் சூலகத்தையும் மாற்றுவதைத் தடுத்தது. அவை மாற்றப்பட்ட பின்னும் கொடையாளரின் மரபுப் பண்புகளைச் சந்ததிக்குக் கடத்தும் என்பதே காரணம். இவ்வளவுகோலை நம் வினாவிற்குப் பொருத்தினால் விடை தெளிவாகும். நுரையீரலுடன் வந்த அணுக்கள் சந்ததியை உண்டாக்குபவை அல்ல. எனவே அவற்றால் நஸப் மாறுவதில்லை. பால்குடி உறவையும் ஷரீஅத் பாலூட்டலுக்கே உரித்தாக்கியுள்ளது. குருதிக் கலப்பிற்கு அன்று.

தாயின் குருதியிலும் குழந்தையின் அணுக்கள் பல்லாண்டுகள் தங்குகின்றன. மகனைப் பெற்று 27 ஆண்டுகள் கழிந்த ஒரு தாயிடமும் அவை இருந்ததை 1996இல் வெளியான ஆய்வு காட்டிற்று. பிறரின் அணுவைச் சுமப்பதால் எவரும் பிறராகிவிடுவதில்லை. ஆகவே, உறுப்பு பெற்று உயிர் மீண்டவர் தம் அடையாளம் குறித்து ஐயுற வேண்டியதில்லை. கொடுத்தவருக்காக துஆச் செய்வதும், பெற்ற மூச்சை அமானிதமாகப் பேணுவதுமே அவர்க்குரிய கடமை.