மாணவர் ரோபோப் போட்டியும் எஞ்சினீயர் பணிகளும்

ரோபோ சம்பந்தமான ஸ்தாபனம் ஒன்றில் எஞ்சினீயர் வேலை காலியாக உள்ளது என்ற அறிவிப்பைக் காணும் இளைஞர், அங்கே சேர்ந்தால் ரோபோக்களை நிர்மாணிக்கலாம் என்றே எண்ணுவர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாணவர் ரோபோப் போட்டிகளை நடத்திவரும் ‘ஃபர்ஸ்ட்’ என்னும் ஸ்தாபனத்தைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பொருந்தாது. அங்கே ரோபோக்களைச் செய்பவர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் அவர்களுக்கு வழிகாட்டும் பெரியோர்களுமே ஆவர். ஸ்தாபனத்தின் எஞ்சினீயர்களுடைய தொழில் வினாவை அமைப்பது. எத்தகைய விடைகள் வரும் என்பது அவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. எனினும் வருகின்ற விடைகள் யாவும் ஒரே தராசில் நிறுக்கப்படுவதற்கு அவர்களே பொறுப்பாளிகள்.

இந்த ஸ்தாபனத்தை 1989ஆம் ஆண்டில் நிறுவியவர் டீன் கேமன் என்னும் யந்திரக் கண்டுபிடிப்பாளர். மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ் அவருக்குத் துணைநின்றார். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரே விதமான பொருள்களை வழங்கி, அவற்றைக் கொண்டு யந்திரம் செய்து போட்டியிடச் செய்யும் பாடமுறை அப்பேராசிரியரின் வகுப்பில் புகழ்பெற்றிருந்தது. அந்த முறையே போட்டிக்கு வித்தாயிற்று. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டர் நகரில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், 1992ஆம் ஆண்டு முதற் போட்டி நடைபெற்றபோது வந்திருந்த குழுக்கள் 28. இன்று பல நாடுகளிலிருந்து 3000க்கும் மேற்பட்ட குழுக்கள் பங்கு பெறுகின்றன. தலைமை நிலையம் அதே மான்செஸ்டரில், பழைய நெசவாலைக் கட்டடங்கள் நிறைந்த வட்டாரத்தில் அமைந்துள்ளது. தறிகள் ஓய்ந்த இடத்தில் இன்று ரோபோக்களுக்கான களங்கள் உருவாகின்றன.

ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் புதியதோர் விளையாட்டு அறிவிக்கப்படுகிறது. அந்நாள்வரை அது இரகசியமாகக் காக்கப்படும். குழுக்கள் சில வாரங்களில் ரோபோவை வடிவமைத்துச் செய்து, மார்ச், ஏப்ரல் மாதங்களில் களத்தில் இறக்க வேண்டும். ரோபோ என்றதும் கை கால் கொண்ட மனித உருவத்தைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. இங்கே பெரும்பாலும் சக்கரங்களின்மேல் அமைந்த ஒரு சட்டமும், அதன்மேல் உயர்ந்து தாழும் தூக்கியும், பொருளைப் பற்றும் கரமும் இருக்கும். ஒருபுறம் மூன்று, எதிர்ப்புறம் மூன்று என ஆறு ரோபோக்கள் ஒரே களத்தில் இயங்கும். 2025ஆம் ஆண்டு விளையாட்டில், ஓரடிக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள வெண்ணிறப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை, அறுகோண வடிவ அமைப்பொன்றின் கிளைகளில் செருக வேண்டியிருந்தது. முதல் 15 விநாடிகள் ரோபோ தனக்கு இடப்பட்ட நிரலின்படி தானே இயங்கியது. பின்னர் 2 நிமிடம் 15 விநாடிகள் மாணவர்கள் அதனைத் தொலைவிலிருந்து செலுத்தினர்.

இத்தகைய ஸ்தாபனத்தில் யந்திர எஞ்சினீயருக்கு முதன்மையான வேலை களத்தை அமைப்பதாகும். மேற்சொன்ன விளையாட்டின் இறுதியில் ரோபோக்கள் சங்கிலியில் தொங்கும் கூண்டுகளைப் பற்றித் தரையினின்றும் எழும்ப முயன்றன. ரோபோவின் எடைக்கு அவ்வாண்டு விதித்திருந்த வரம்பு 115 பவுண்டு (சுமார் 52 கிலோகிராம்). பாட்டரியும் சுற்றிலும் கட்டிய இடிதாங்கி மெத்தைகளும் இதில் சேரா. அத்துணை எடையும் வேகத்துடன் வந்து மோதுவதையும், குலுங்கித் தொங்குவதையும் களம் நாள் முழுவதும் தாங்க வேண்டும். போட்டி முடிந்ததும் அதனைக் கழற்றி வண்டியில் ஏற்றி, அடுத்த நகரத்தில் பூட்டவும் வேண்டும். பூட்டுபவர்களோ பெரும்பாலும் ஊதியமின்றி உழைக்கும் தொண்டர்கள். இது தவிர, பயிற்சிக்காகக் குழுக்கள் தத்தம் பட்டறையிலேயே செய்துகொள்ளும்படி, களத்தின் உறுப்புகளுக்கு ஒட்டுப்பலகையாலான மலிவான வடிவங்களும் வரைபடமாக வெளியிடப்படுகின்றன. ஒரே பொருளை இருமுறை வடிவமைக்கும் இவ்வேலையே இரண்டில் கடினமானது என்பது நமது கருத்து. வசதி குறைந்த பள்ளியின் வாய்ப்பு இந்த மலிவான வடிவத்தையே நம்பியிருக்கிறது.

அளவுகளில் ஏற்படும் சிறு வேறுபாடும் இங்கே பெரிதாகும். 2023ஆம் ஆண்டு முதல் களத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட அடையாளப் பலகைகள் பொருத்தப்படுகின்றன. ரோபோவின் காமிரா இவற்றைக் கண்டு, தான் களத்தில் எவ்விடத்தில் நிற்கிறது என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளும். 2025இல் இத்தகைய பலகைகள் 22 இருந்தன. போட்டிகளில் பயன்படும் களச் சுற்றுவேலிகள் இருவகைப்பட்டவை. அவற்றின் அளவுகள் சிறிது மாறுபடும். அவ்வேறுபாடு கருதி, பலகைகள் அமைந்த இடங்களைக் குறிக்கும் அட்டவணைகள் அவ்வாண்டில் இரண்டாக வெளியிடப்பட்டன. எந்த வேலியில் விளையாடுகிறோம் என்பதை அறிந்து அதற்குரிய அட்டவணையைக் குழுக்கள் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

விதிகளை எழுதுவதும் பொறியியற் பணியே. எவ்வளவு கவனமாக எழுதினாலும் மாணவரின் புத்தி ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்துவிடும். 2002ஆம் ஆண்டு விளையாட்டில் நகர்த்தக்கூடிய மூன்று இலக்குகள் களத்தில் வைக்கப்பட்டிருந்தன. இந்தியானா மாநிலத்து ஹாமண்ட் நகரக் குழுவின் ரோபோ மூன்றையும் பற்றிக்கொண்டு, அரம் துடைக்கும் கம்பித் தூரிகைகளைப் பாதங்களாக ஊன்றி, தரை விரிப்பின்மேல் மெல்ல ஊர்ந்து சென்றது. அதனை நகர்த்த எதிரணியினரால் இயலவில்லை. அக்குழுவைக் கொண்ட அணியே அவ்வாண்டின் வெற்றியணி. அந்த யந்திரம் விதி எதனையும் மீறவில்லை. விளையாட்டை அமைப்போர் இவ்வாறான யுக்திகளை முன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆனால் புதுமைக்கு வழியே இல்லாதபடி விதிகளை இறுக்கிவிடவும் கூடாது.

மின்னியல், கட்டுப்பாட்டுத் துறை எஞ்சினீயரின் பொறுப்பு இதனினும் நுட்பமானது. ஒவ்வொரு ரோபோவுக்கும் 12 வோல்ட் பாட்டரி ஒன்றே சக்தியளிக்கிறது. எல்லா மோட்டார்களும் ஒருங்கே மின்சாரத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் தாழும். ஓரளவுக்குக் கீழே சென்றால் ரோபோவின் கணிப்பொறி மோட்டார்களைத் தானே நிறுத்திவிடும். ஓட்டுபவரின் கட்டளையோ களத்தின் வலையமைப்பு வழியாக ரேடியோ அலைகளில் ரோபோவைச் சென்றடைய வேண்டும். ஆகவே ஆட்டத்தின் நடுவே ரோபோ அசையாது நின்றுவிட்டால், குறை மாணவரது கம்பி இணைப்பிலா, அவர்கள் எழுதிய நிரலிலா, களத்தின் ரேடியோவிலா என்ற கேள்வி எழுகிறது. பல வாரங்கள் இரவு பகலாக உழைத்த குழுவினர் அக்கேள்விக்கு விடை கேட்டு நிற்பர். பாட்டரியின் அழுத்தத்தையும், வழியில் தவறிப்போன செய்திகளையும் களத்தின் கணிப்பொறி விநாடிதோறும் பதிவு செய்து வைத்திருப்பது இதற்காகவே.

2012ஆம் ஆண்டு இச்சோதனை ஸ்தாபனத்துக்கே நேர்ந்தது. செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த இறுதிச் சுற்றின் 12 ரோபோக்களில் பல, ஆட்டங்களின் நடுவே தொடர்பிழந்து நின்றன. ஸ்தாபனத்தார் அக்குழுக்களைப் பின்னர் மான்செஸ்டருக்கு வரவழைத்து, ரோபோக்களைக் களத்திலிட்டுச் சோதித்தனர். ரோபோவின் ரேடியோ இணைப்பில் வெளியார் ஒருவர் சேர முயன்று அனுமதி பெறாது போனாலும், அம்முயற்சியே உரிய இணைப்பைத் துண்டித்துவிடக்கூடும் என்ற குறை அப்போது வெளிப்பட்டது. கைத்தொலைபேசியைக் கொண்டு ஒருவர் வேண்டுமென்றே அவ்விதம் இடையூறு செய்ததும் தெரியவந்தது. ஆயினும் எல்லாத் தடைகளுக்கும் அதுவே காரணமன்று. சில ரோபோக்களிலேயே குறைகள் இருந்தன. ஸ்தாபனம் தனது ஏற்பாட்டிலிருந்த பலவீனத்தையும் மறைக்காமல், அவ்வாண்டு ஜூலையில் விரிவான அறிக்கையாக வெளியிட்டது. இத்துறையில் வேலை தேடும் எஞ்சினீயர் முதலில் படிக்க வேண்டியது அந்த அறிக்கையே என்போம். தனது சாதனத்தின் மீதும் ஐயம் கொண்டு சோதிக்கும் மனம் இல்லாதவருக்கு இவ்வேலை ஒத்துவராது.

யந்திரவியல், மின்னியல், கணிப்பொறி இயல் ஆகிய ஒன்றில் பட்டம் பெற்றவர்கள் இப்பணிகளுக்குத் தகுதியுடையவராவர். கணிப்பொறியில் வரைபடம் தீட்டவும் நிரல் எழுதவும் பழகியிருத்தல் நலம். முன்பு போட்டியில் கலந்துகொண்டோ, களத்தில் தொண்டராக இருந்தோ பெற்ற அனுபவம் பெரிதும் உதவும். தெளிவாக எழுதும் ஆற்றலை விண்ணப்பதாரர் பலர் பொருட்படுத்துவதில்லை. இங்கே அது இன்றியமையாதது. விதிநூலில் உள்ள ஒரு வாக்கியம் இரு பொருள்பட்டால், அது குறித்து நூற்றுக்கணக்கான குழுக்கள் வினா எழுப்பும்; திருத்தத்தை அறிவிக்க வேண்டிவரும்.

வேலையின் காலக்கணக்கும் மற்றத் தொழிற்சாலைகளினின்று வேறுபட்டது. விளையாட்டு வெளியாகும் நாளை ஒரு வாரம் தள்ளிப்போட இயலாது. மார்ச், ஏப்ரல் மாதங்களின் வார இறுதிகள் போட்டிக் களங்களில் கழியும். அவ்வாண்டின் களத்தைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் அதே நாட்களில், அடுத்த ஜனவரி வரை வெளியில் எவரிடமும் சொல்லக்கூடாத வேறொரு களத்தின் வரைபடங்களும் எஞ்சினீயரின் மேசைமீது இருக்கும்.