கீழடி உறைகிணறும் மூணாவது போர்வெல்லும்

கீழடி அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் தங்கத்தையும், தந்தப் பகடையையும், 'ஆதன்' என்று எழுதிய பானை ஓட்டையும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியவைதான். ஆனால் உழவுத் தொழில் செய்கிற நம்மைப் போன்றவர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சங்கதிகள் வேறு சில அங்கே இருக்கின்றன.

இடம் சிவகங்கை மாவட்டம் கொந்தகை. மதுரையில் இருந்து 12 கிலோமீட்டர்தான். செட்டிநாட்டு வீடு மாதிரி ஓடு வேய்ந்து, முற்றம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். 2023 மார்ச்சில் திறந்தது. அகழாய்வை 2014-15ல் மத்தியத் தொல்லியல் துறை தொடங்கியது, 2018 முதல் மாநிலத் தொல்லியல் துறை தொடர்கிறது. தோண்டிய இடமெல்லாம் தென்னந்தோப்பு, உழவர்களின் சொந்த நிலம். காய்ப்பில் இருக்கிற தென்னைக்கு நடுவே குழி எடுக்கச் சம்மதிப்பது லேசான காரியமா என்று தோப்பு வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் மறுத்திருந்தால் இந்தக் கட்டடமே இல்லை. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டைச் சோதித்ததில் கி.மு. 580 என்று வந்தது.

முதலில் எலும்புகள். 70 எலும்புத் துண்டுகளைப் புனே டெக்கான் கல்லூரியில் ஆராய்ந்திருக்கிறார்கள். காளை, பசு, எருமை, ஆடு இவற்றுடையதே பாதிக்கு மேல். மாடு கட்டி வாழ்ந்த ஊர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கூடவே காட்டுப்பன்றி, மயில் எலும்பும் உண்டு. பன்றியும் மயிலும் நம் காலத்துத் தொல்லை என்றல்லவா நினைத்திருந்தோம்!

எங்களை நகர விடாமல் நிறுத்தியது உறைகிணறுதான். எங்களை என்றால், நான், திருப்புவனம் பக்கம் கட்டிக்கொடுத்த என் தங்கச்சி, மாப்பிள்ளை, அவருடைய அம்மா. நாலு நாள் அவர்கள் வீட்டில் தங்கப் போன இடத்தில், பிள்ளைகள் கேட்டார்களே என்று எல்லோருமாகக் கிளம்பியது.

களிமண்ணில் வட்டமாக உறை வனைந்து, சூளையில் சுட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கியிருக்கிறார்கள். மணற்பாங்கான நிலத்தில் கிணறு வெட்டினால் பக்கம் சரியும். உறை வைத்தால் சரியாது. இடுக்கு வழியே தண்ணீர் மட்டும் கசிந்து உள்ளே வரும். இன்றைக்கு சிமெண்ட் உறை இறக்குகிறோமே, அதே வேலை. சுட்ட மண் சிமெண்டாக மாறியதைத் தவிர பெரிய வித்தியாசம் இல்லை.

"இம்புட்டு ஆழத்துலயா தண்ணி கெடந்துச்சு?" என்றார் மாப்பிள்ளை.

அவருக்கு மூன்று ஏக்கர். முதல் போர்வெல் 180 அடி, அது வற்றிப் போச்சு. இரண்டாவது 450 அடி, சித்திரை வந்தால் அரை மணி நேரம்கூட ஓடாது. மூன்றாவதை 700 அடிக்கு இறக்குவதாக வண்டிக்காரரிடம் பேசி முன்பணமும் கொடுத்திருந்தார். மீதிப் பணத்துக்குத் தங்கச்சியின் வளையல்.

அத்தைதான் பதில் சொன்னார். "நான் வாக்கப்பட்டு வந்தப்ப வைகையில கையாலேயே ஊத்து தோண்டுவோம் தம்பி. முழங்கை ஆழம் போனாப் போதும், தண்ணி தெளிஞ்சு நிக்கும். சிரட்டையில மோந்து கொடத்துல ஊத்துவோம். மணல அள்ளிட்டுப் போனாக, ஊத்தும் அதோட போச்சு."

ஒரு தலைமுறைக்கு முன்புவரை இருந்த தண்ணீர் அது. ஆற்று மணலும் வண்டலும் பஞ்சு மாதிரி. ஒரு வெள்ளம் வந்தால் குடித்து வைத்துக்கொள்ளும், உறைகிணற்றுக்கும் ஊற்றுக்கும் மெல்லக் கொடுக்கும். கண்மாய் நிறைந்தால் பக்கத்துக் கிணறுகளில் மட்டம் ஏறும். 700 அடியில் இருப்பதோ பாறை இடுக்குத் தண்ணீர். எடுப்பது சுலபம், திரும்ப ஊறுவதற்குக் காலம் பிடிக்கும். மேலே இருக்கிற பஞ்சைக் காயவிட்டுவிட்டுக் கீழே துளை போட்டுக்கொண்டே போவதைத்தான் ஊர் ஊராகச் செய்துகொண்டிருக்கிறோம். இயற்கை வேளாண்மை செய்கிறவர்களும் இதில் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். மூடாக்கு போட்டு, ஜீவாமிர்தம் விட்டு, தண்ணீரை மட்டும் 800 அடியில் இருந்து இறைக்கிற தோட்டங்களைப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளையோடு வயலைச் சுற்றி வந்தேன். வடமேற்கில் இருந்து தென்கிழக்குக்கு நல்ல வாட்டம். மழைத் தண்ணீர் மொத்தமும் மூலையில் உடைந்து ஓடைக்குப் போய்விடுகிறது. மேல்மண்ணும் கூடவே போகிறது. அந்த மூலையில் ஐந்து சென்டில் பண்ணைக்குட்டை வெட்டலாம், வரப்பை ஒன்றரை அடி உயர்த்தலாம், தூர்ந்து கிடக்கிற பழைய கிணற்றைத் தூர் எடுத்து ஓடும் தண்ணீரை வடிகட்டி உள்ளே விடலாம் என்று கணக்குப் போட்டோம். நெல்லை ஒரு போகத்தோடு நிறுத்தி, அடுத்து உளுந்து விதைக்க அவருக்கே யோசனை இருந்தது.

"ரெண்டு மழை பாத்துட்டுச் சொல்றேன் மச்சான்" என்றார். கயிறு பிடித்து மூலையை அளந்து, நாலு முளைக்குச்சி அடித்துவிட்டு வந்திருக்கிறோம். வண்டிக்காரரிடம் கொடுத்த முன்பணத்தை அவர் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.