அச்சு அசல்: ஒரு சொல்லின் அன்றும் இன்றும்

1515-ஆம் ஆண்டு மே 20 அன்று லிஸ்பன் துறைமுகத்தில் ஒரு காண்டாமிருகம் கரையிறங்கியது. குஜராத் சுல்தான் இரண்டாம் முசாபர் ஷா, போர்ச்சுகீசிய ஆளுநர் அல்புகெர்க்குக்குப் பரிசாகக் கொடுத்தது. கோவாவில் கப்பலேறி, நான்கு மாதம் கடலில் கிடந்து வந்து சேர்ந்தது. ரோமானியர் காலத்துக்குப் பிறகு அப்படியொரு விலங்கை ஐரோப்பா உயிரோடு பார்த்ததில்லை. நேரில் கண்டு எழுதப்பட்ட ஒரு கடிதமும் அவசரமாகக் கிறுக்கிய ஒரு கோட்டுப்படமும் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகருக்குப் போயின. அங்கே இருந்த ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் அவற்றை வைத்தே ஒரு மரச்செதுக்குப் படம் தயாரித்தார். உலகப் புகழ் பெற்ற அந்தப் படத்தை நம்மில் பலரும் எங்காவது பார்த்திருப்போம்.

டியூரர் அந்த விலங்கைக் கண்ணால் கண்டதே இல்லை. அதனால் உடம்பெல்லாம் இரும்புக் கவசத்தைத் தகடு தகடாகப் பூட்டியதுபோல வரைந்துவிட்டார். கால்களில் செதில். தோளுக்கு மேலே, எந்தக் காண்டாமிருகத்துக்கும் இல்லாத ஒரு குட்டிக் கொம்பு, அதுவும் திருகலாக. இத்தனைக்கும் மேலே அச்சிடப்பட்டிருக்கும் குறிப்பு, இந்த விலங்கின் முழு உருவமும் இங்கே உள்ளது உள்ளபடி எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அடித்துச் சொல்கிறது. ‘உள்ளது உள்ளபடி’ என்பதற்கு அங்கே இருக்கும் ஜெர்மன் சொல் ‘அப்கொன்ட்டர்ஃபெட்’. ஆங்கிலத்தில் அதன் உடன்பிறப்பு ‘கவுன்ட்டர்ஃபிட்’.

இன்று அந்த ஆங்கிலச் சொல்லைக் கேட்டால் கள்ள நோட்டும், போலி முத்திரையும், பிராண்ட் பெயரைத் திருடி ஒட்டிய கைப்பையும்தான் நினைவுக்கு வரும். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு படத்தின்மேல் அந்தச் சொல்லைப் போட்டால் ‘நம்பி வாங்கலாம், அச்சு அசல்’ என்று பொருள்.

லத்தீனில் ‘கோன்ட்ரா’ என்றால் எதிரே, ‘ஃபாக்கெரே’ என்றால் செய்தல். ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துச் செய்வது. சொல் பிறந்த இடத்தில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஆனால் 16-ஆம் நூற்றாண்டின் அச்சகங்களில் அதற்கு ஒரு தனி மரியாதை வந்தது. வெறும் கற்பனைப் படங்கள் மலிந்து கிடந்த சந்தையில், ‘இது பார்த்து எடுத்தது’ என்று சாட்சி சொல்லும் வேலை அதற்கு. ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓட்டோ ப்ரூன்ஃபெல்ஸ் 1532-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட மூலிகை நூலின் தலைப்பிலேயே அது இருக்கிறது: கொன்ட்ரஃபைட் மூலிகைப் புத்தகம். படம் வரைந்தவர் ஹான்ஸ் வைடிட்ஸ்.

அந்தப் படங்களை உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு செடியில் கீழ் இலை வாடித் தொங்குகிறது. இன்னொன்றில் இலையைப் பூச்சி அரித்த ஓட்டை; காம்பு ஒன்று ஒடிந்திருக்கிறது. வைடிட்ஸ் வரைந்தது அந்த இனத்துச் செடியை அல்ல, அன்று காலை மேசைமேல் கிடந்த அந்த ஒற்றைச் செடியை. பத்து வருடம் கழித்து லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் தம் மூலிகை நூலில் இந்தக் குறைகளையெல்லாம் களைந்து, இனத்துக்குப் பொதுவான ஒரு முழுமையான செடியை வரைய வைத்தார். மாணவருக்கு அதுதான் பயன். இருந்தாலும், சொன்ன சொல்லுக்கு நேர்மையாக நடந்துகொண்டவர் வைடிட்ஸ்தான் என்பேன்.

நல்ல பொருளில் இருந்த சொல் பிறகு கெட்டுப்போனது என்று கதையை இங்கே முடித்துவிட முடியாது. ஆங்கிலத்தில் இரண்டு பொருளும் ஆரம்பத்திலிருந்தே ஒரே வீட்டில் குடியிருந்தன. மூன்றாம் எட்வர்ட் காலத்து 1351-ஆம் ஆண்டு ராஜத்துரோகச் சட்டம், அரசரின் முத்திரையையும் நாணயத்தையும் போலச் செய்வதைத் துரோகப் பட்டியலில் சேர்க்கிறது. சட்டம் பிரெஞ்சில் எழுதப்பட்டது. அதில் இருக்கும் வினை இதே சொல்லின் வடிவம்தான். ஆக, டியூரருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இது தூக்குக்கயிறு வாசம் அடித்த சொல்.

இரண்டையும் ஒரே மேடையில் பார்க்க ஷேக்ஸ்பியரிடம் போக வேண்டும். ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தில் பஸானியோ ஈயப் பெட்டியைத் திறக்கிறான்; உள்ளே போர்ஷியாவின் ஓவியம். அவன் வாயில் வரும் சொல் கவுன்ட்டர்ஃபிட். காதலன் பூரித்துச் சொல்லும் சொல் அது, குறை சொல்வதற்கு அங்கே இடமே இல்லை. ஹாம்லெட் தன் தாய்க்கு இரண்டு சகோதரர்களின் படங்களைக் காட்டும் இடத்திலும் இதே சொல்லைத்தான் எடுக்கிறான். ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகத்தில் போர்க்களத்தில் ஃபால்ஸ்டாஃப் செத்ததுபோல் விழுந்து கிடக்கிறான். ஆபத்து விலகியதும் எழுந்து உட்கார்ந்து ஒரு வாதம் வைக்கிறான். செத்தவன்தான் போலி, மனிதனின் உயிரில்லாத உருவம் மட்டுமே அவனிடம் மிச்சம். உயிர் பிழைக்கச் செத்ததுபோல நடித்தவன் போலி ஆக மாட்டான், அவன் வாழ்க்கையின் அச்சு அசல். உருவம், ஏமாற்று என்ற இரண்டு பொருளையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு ஃபால்ஸ்டாஃப் விளையாடுகிறான். சபையோர் சிரித்திருக்க வேண்டுமானால் இரண்டும் அவர்கள் அன்றாடம் புழங்கியவையாக இருந்திருக்க வேண்டும்.

அந்த இரண்டில் ஒன்று ஏன் வெளியேறியது? எனக்குத் தோன்றும் காரணம், காசு. அரசரின் முகத்தைத் துணியில் வரைந்தவனுக்குச் சன்மானம் கிடைத்தது. அதே முகத்தை உலோகத்தில் வார்த்தவனுக்குத் தூக்குமரம். செய்த வேலை இருவருக்கும் ஒன்றுதான்: முகத்தைப் பார்த்து முகம் செய்தார்கள். ஆனால் ஓவியம் தன்னை அரசர் என்று சொல்லிக்கொள்வதில்லை. கள்ள நாணயமோ தன்னை நாணயம் என்றே சொல்லிக்கொண்டு கை மாறுகிறது.

ஐசக் நியூட்டன் 1696-இல் லண்டன் நாணயச்சாலையின் பொறுப்புக்கு வந்தபோது நாட்டில் கள்ளக் காசு பெருகிக் கிடந்தது. சாட்சிகளைத் தேடிப் பிடித்து, வாக்குமூலம் வாங்கி, ஒரு துப்பறிவாளரைப் போல வேலை செய்தார் அந்தக் கணித மேதை. வில்லியம் சலோனர் என்ற பேர்போன கள்ள நாணயக்காரனை விடாமல் துரத்தி, 1699 மார்ச்சில் டைபர்னில் தூக்குமேடை ஏற்றினார். இதே குற்றத்துக்குப் பெண்களுக்கு விதித்த தண்டனை எரிப்பது. காத்தரின் மர்ஃபி என்ற பெண்ணை 1789-இல் லண்டன் நியூகேட் சிறை வாசலில் முதலில் தூக்கிலிட்டு, பிறகு உடலை எரித்தார்கள். அடுத்த ஆண்டு அந்தத் தண்டனை முறையையே சட்டம் எடுத்துவிட்டது.

காகிதப் பணம் வந்ததும் சொல் இன்னும் கறுத்தது. அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின் நோட்டுகளிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருந்தார்கள்: கவுன்ட்டர்ஃபிட் செய்தால் மரணம். பிலடெல்பியாவில் அத்தகைய நோட்டுகளை அச்சிட்டவர்களில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் ஒருவர். கள்ள நோட்டுக்காரனைத் தோற்கடிக்க அவர் கண்ட வழி, மரத்திலிருந்து பறித்த நிஜ இலை. இலையிலிருந்து அச்சு வார்த்து அதை நோட்டில் பதித்தார். நரம்பு எங்கே தடிக்கிறது, எங்கே மயிரிழையாக மெலிகிறது என்பதை எந்தச் செதுக்குக்காரனாலும் கையால் கொண்டுவர முடியாது. இதைப் படித்தபோது எனக்கு வைடிட்ஸின் அரிபட்ட இலை ஞாபகம் வந்தது. ஒரே நோட்டில், சொல்லின் பழைய பொருள் இலையாகப் பதிந்திருக்கிறது; புதிய பொருள் மரண மிரட்டலாக அச்சாகியிருக்கிறது. பழையதைக் காவலுக்கு வைத்துப் புதியதைத் தடுத்திருக்கிறார் ஃபிராங்க்ளின்.

சாதாரண மனிதன் அந்தச் சொல்லைப் பார்த்தது பையிலிருந்த நோட்டிலும் தூக்குமேடைச் செய்தியிலும்தான். ஓவியத்துக்கோ போர்ட்ரெயிட், பிக்சர் என்று வேறு சொற்கள் தயாராக இருந்தன. பழைய பொருள் சத்தமில்லாமல் நழுவிவிட்டது.

ஜெர்மனில் அது நழுவவில்லை. ‘கொன்ட்டர்ஃபை’ என்றால் அங்கே இன்றும் உருவப்படம். கொஞ்சம் பழைய வாசம், கொஞ்சம் குறும்பு, அவ்வளவுதான். இதில் வேடிக்கை, நாணயத்திலும் நோட்டிலும் பதிந்திருக்கும் அரசரின் முகத்தைச் சொல்ல ஜெர்மன் நாளிதழ்கள் இயல்பாக எடுப்பது இந்தச் சொல்லைத்தான். அரசர் சார்ல்ஸின் முகம் தாங்கிய பிரிட்டிஷ் நோட்டுகள் 2024 ஜூனில் புழக்கத்துக்கு வந்தன. பெர்லினில் அந்த முகம் கொன்ட்டர்ஃபை. லண்டனில் அதே வேர்ச்சொல்லை அந்த நோட்டோடு சேர்த்துச் சொன்னால் போலீஸ் வரும்.

நமக்கு இது புதிய கதையில்லை. ‘போல’ என்பதிலிருந்து வந்ததுதானே ‘போலி’? தொல்காப்பியம் உவமவியலில் உவமப்போலி ஐந்து என்று வகுக்கும்போது அதில் பழிச்சொல்லின் நிழல்கூட இல்லை. பள்ளியில் படித்த போலியும் அப்படித்தான். நிலம் என்பதற்கு நிலன், முகம் என்பதற்கு முகன். ஓர் எழுத்து இன்னொன்றின் இடத்தில் வந்து உட்கார்ந்தாலும் பொருள் கெடாது, யாரும் ஏமாறுவதில்லை. பள்ளியைத் தாண்டி வெளியே வந்தால் போலி மருத்துவர், போலிச் சான்றிதழ், போலிச் சாமியார். தமிழாசிரியருக்கு ஒரு போலி, காவல் நிலையத்துக்கு இன்னொரு போலி. இரண்டும் இன்னும் உயிரோடு இருப்பது நம் மொழியின் அதிர்ஷ்டம். தெருவில் ‘டூப்ளிகேட்’ என்ற சொல்லுக்கும் இதே இரட்டை வாழ்க்கை. வீட்டுக்கு டூப்ளிகேட் சாவி ஒன்று போட்டு வைப்பவர் முன்யோசனைக்காரர். வண்டிக்கு டூப்ளிகேட் பார்ட்ஸ் போடும் மெக்கானிக் அயோக்கியர்.

ஆங்கிலச் சொல் இந்தியச் சட்டத்துக்குள் வந்தபோது ஒரு விசித்திரமும் சேர்ந்து வந்தது. மெக்காலே தலைமையில் வரைவு தொடங்கி 1860-இல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டம், 28-ஆம் பிரிவில் இதற்கு விளக்கம் கொடுத்தது. ஒன்றை இன்னொன்றைப் போல இருக்கச் செய்து, அந்த ஒப்புமையால் ஏமாற்ற நினைப்பது. கூடவே ஒரு குறிப்பு: நகல் துல்லியமாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. டியூரர் காலத்தில் துல்லியம்தான் இந்தச் சொல்லின் உயிர். மெக்காலேயிடம் வந்தபோது துல்லியம் போய், எண்ணம் மட்டும் நின்றது. தோளில் கூடுதல் கொம்பு முளைத்த காண்டாமிருகம் முந்தைய பொருளில் தோற்றுப்போகும், பிந்தைய பொருளில் தேறிவிடும். டியூரருக்கு ஏமாற்றும் எண்ணம் இல்லாததால் தண்டனைக்கு மட்டும் தப்பிப்பார். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் அந்த விளக்கத்தைக் கைவிடவில்லை.

சண்டை இப்போது மருந்துக்கு வந்திருக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் 1994-ஆம் ஆண்டு டிரிப்ஸ் ஒப்பந்தம் இந்தச் சொல்லை வணிக முத்திரையோடு கட்டிப்போட்டது. அடுத்தவர் முத்திரையை அனுமதியில்லாமல் ஒட்டிய சரக்குதான் அதில் கவுன்ட்டர்ஃபிட். அப்படியானால் சொந்தப் பெயரில், நேர்மையான லேபிளோடு, அதே மருந்தை மலிவாகத் தயாரிக்கும் ஜெனரிக் என்ன? ஒரு நிறுவனம் கண்டுபிடித்ததை எதிரே வைத்துப் பார்த்துச் செய்த நகல்தான் அதுவும். 2008 டிசம்பரில், இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போய்க்கொண்டிருந்த லோசார்டன் என்ற ரத்த அழுத்த மருந்தை நெதர்லாந்து சுங்கத்துறை வழியில் பிடித்து வைத்தது. புறப்பட்ட நாட்டிலும் போய்ச் சேரும் நாட்டிலும் அதற்குக் காப்புரிமைத் தடை கிடையாது. இடையில் தங்கிய நாட்டில் இருந்தது. இந்தியாவும் பிரேசிலும் 2010 மே மாதம் உலக வர்த்தக அமைப்பில் புகார் கொடுத்தன.

ஜெனீவாவில் இருந்த உலக சுகாதார அமைப்பினருக்கு அப்போதுதான் சொல்லின் ஆபத்து உறைத்தது. கள்ள மருந்துக்கு எதிரான ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நல்ல ஜெனரிக்கையும் அடிக்க முடிந்தது. அதைவிடப் பெரிய கோளாறு ஒன்றும் இருந்தது. சொந்த லேபிள் ஒட்டிய மாத்திரைக்குள் வெறும் சுண்ணாம்புத் தூள் இருந்தால், முத்திரைத் திருட்டு நடக்காததால் அந்தச் சொல் அதைத் தொடவே தொடாது. நோயாளிக்குத் தேவை உள்ளே என்ன இருக்கிறது என்ற உறுதி. சொல்லோ வெளியே என்ன ஒட்டியிருக்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தது. பல வருட இழுபறிக்குப் பிறகு 2017 மே மாதம் உலக சுகாதார மாநாடு, ‘தரம் குறைந்தவை, பொய்யாகத் தயாரித்தவை’ என்ற பெயருக்கு மாறி, கவுன்ட்டர்ஃபிட்டை மருந்துப் பட்டியலிலிருந்து இறக்கி வைத்தது. முத்திரை வழக்காடும் வக்கீல்களிடம் அது இன்னும் இருக்கிறது.

நம் ஊர் மருந்துக் கடையில் இந்த விவகாரம் ஒரே வாக்கியத்தில் தீர்ந்துவிடும். சீட்டில் எழுதிய பெயரும் அட்டையில் இருக்கும் பெயரும் வேறாக இருப்பதைப் பார்த்து வாங்குபவர் தயங்கினால், கடைக்காரர் அட்டையைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை விரலால் தொட்டுக் காட்டுகிறார்: ‘அதே மாத்திரைதான் சார், கம்பெனிதான் வேற.’