தாளில் ஓடும் பால்

சென்னை நந்தனத்தில் 'ஆவின் இல்லம்' இருக்கிறது. தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர்கள் இணையத்தின் தலைமை அலுவலகம் அது. ஊர்தோறும் உள்ள சங்கங்களில் உறுப்பினர்கள் ஊற்றும் பால் நகரத்திற்கு வந்து சேரும்போது தனித்தனியாக வருவதில்லை. கேனிலும் டாங்கரிலும் ஒன்றாகக் கலந்தே வருகிறது. எனவே எவரோ ஒருவர் செய்த கலப்படம், நேர்மையாகப் பால் ஊற்றிய பலருடைய உழைப்பையும் கெடுத்துவிடும். பால் ஒன்றாகக் கலக்கும் முன்பே அதைச் சோதிக்க முடிந்தால் எவ்வளவு நன்று!

கலப்படம் என்றதும் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். தண்ணீர் சேர்ந்த பாலின் அடர்த்தி குறையும். பால்மானி அதைக் காட்டிக் கொடுத்துவிடும். அடர்த்தியைச் சரிக்கட்ட யூரியா, மாவு, உப்பு போன்றவற்றைச் சேர்ப்பார்கள். புளிப்பை மறைக்கச் சோடா உப்பு; கெடாமல் வைக்க ஹைட்ரஜன் பெராக்சைடு; நுரை காட்டச் சோப்பு. பாலையே உணவாகக் கொண்ட குழந்தைகளுக்கு இவை என்ன தீங்கு செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நந்தனத்திலிருந்து அடையாற்றைக் கடந்து சில கிலோமீட்டர் தெற்கே சென்றால் சென்னை ஐ.ஐ.டி. வந்துவிடும். அங்கே எந்திரப் பொறியியல் துறையில் பல்லப் சின்ஹா மகாபாத்ரா தலைமையிலான குழு, பாலைச் சோதிக்கும் தாள் கருவி ஒன்றை உருவாக்கி 2022-இல் அதன் விவரங்களை வெளியிட்டது. மேலும் கீழும் இரண்டு உறைகள், நடுவே வடிதாள். அத்தாளில் வெவ்வேறு வினைப்பொருள்கள் இடப்பட்டு உலர்ந்திருக்கும். ஒரு மில்லி லிட்டர் பால் போதும். முப்பது நொடியில் நிறம் மாறி, மேலே சொன்ன கலப்படங்களைக் காட்டிவிடும்.

பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. பின் பால் எவ்வாறு நகர்கிறது? விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத்தான். தாளின் நார்களுக்கிடையே எண்ணற்ற நுண்புழைகள் உள்ளன. நாருக்கும் நீருக்கும் உள்ள கவர்ச்சியும் பரப்பு இழுவிசையும் சேர்ந்து நீரை உள்ளே இழுக்கின்றன. இவ்வாறு மயிரிழை அளவான பாதைகளில் திரவங்களைச் செலுத்தும் இயலுக்கு நுண்பாய்மவியல் என்று பெயர்.

விரைவுக்குக் காரணம் என்ன? வினைபுரிய வேண்டிய மூலக்கூறுகள் ஒன்றையொன்று சென்றடைய வேண்டும் அல்லவா? அவை விரவிச் செல்ல ஆகும் நேரம் தூரத்தின் இருமடியைப் பொறுத்தது. தூரம் பத்தில் ஒரு பங்கானால் நேரம் நூறில் ஒரு பங்காகிவிடும். சோதனைக் குழாயைவிடக் குறுகிய பாதையில் வேலை விரைந்து முடிவது இதனால்தான்.

நீரிழிவு நோயாளி விரலில் குத்தி எடுக்கும் இரத்தத் துளியைச் சோதனைப் பட்டை தானே உறிஞ்சிக்கொள்வதும், கர்ப்பச் சோதனைப் பட்டையில் சிறுநீர் ஊர்ந்து சென்று கோடு காட்டுவதும் இதே தத்துவம்தான். 2007-இல் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர் தாளில் பாதை வகுத்து, ஒரே துளியைப் பல சோதனைகளுக்குப் பிரித்து அனுப்பிக் காட்டினர். மெழுகால் கரை கட்டியும் இப்படிப் பாதை வகுக்கலாம். மெழுகு ஊறிய இடத்தைத் தண்ணீர் தாண்டாது.

பள்ளி ஆய்வகத்தில் நீங்களே இதைச் செய்து பாருங்கள். வடிதாளில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் இடுங்கள். அதன்மேல் ஆறிய கஞ்சி கலந்த பாலை ஒரு சொட்டு விடுங்கள். கருநீலம் தோன்றினால் பாலில் மாவு இருக்கிறது என்று பொருள். எழுதும் தாள் வேண்டாம். அதிலேயே மாவுப்பசை இருக்கக்கூடும்.

நிறம் மாறுவது முதல் எச்சரிக்கைதான். கலப்படம் எவ்வளவு என்று துல்லியமாக அளந்து உறுதிசெய்ய ஆய்வுக்கூடம் தேவைதான். ஆனால் சந்தேகமான கேனை டாங்கரில் ஊற்றாமல் தனியே நிறுத்தி வைப்பதற்கு அந்த முப்பது நொடி போதும்.