சம்பளத் துண்டைப் படிப்போம்: தீபாவளி முற்பணம் முதல் சேவைக்காலப் பணம் வரை



சம்பள நாளன்று நம்மில் அநேகர் துண்டின் கடைசி வரியை மட்டும் பார்க்கிறோம். "கையில வந்தது இவ்வளவுதானா?" என்று சொல்லி மடித்து வைத்துவிடுகிறோம். மேலே எழுதியிருக்கிற கழிவுகளைப் பார்ப்பது குறைவு. எது கடன், எது சேமிப்பு என்று தெரிந்தால்தான் குடும்பக் கணக்கைச் சரியாகப் போட முடியும். அதனால் இந்த இதழில் அதைப் பற்றி எழுதுகிறோம்.

தீபாவளி முற்பணம்

முற்பணம் இனாம் அல்ல, நமது வருங்காலச் சம்பளம்தான். உதாரணத்துக்கு 20,000 ரூபா எடுத்து அதை 10 மாதத்தில் கழித்தால், மாதம் 2,000 ரூபா குறையும். புருஷன், பெண்சாதி இருவரும் எடுத்தால் வீட்டுக்கு வரும் காசில் 4,000 ரூபா குறையும்.

கழிவு தொடங்குகிற காலத்தையும் யோசிக்க வேண்டும். தீபாவளி முடிந்த கையோடு தைப்பொங்கல் வருகிறது. பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து வாங்க வேண்டும். மாசி, பங்குனி வெயிலில் கொழுந்து குறைந்து அரைப் பேர் விழும். அந்த மாதங்களிலும் கழிவு நிற்காது. அப்போதுதான் தோடும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போகின்றன, கிழமைக் கடன்காரரும் லயத்துக்கு வருகிறார்கள்.

பண்டிகை கொண்டாட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. முற்பணம் எடுக்கும் முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து உடுப்பு, பலகாரம், பயணம் என்று எழுதிப் பாருங்கள். ஒருவருடைய முற்பணம் போதுமென்றால் இருவரும் எடுக்க வேண்டாம். எத்தனை மாதத்தில் கழிப்பார்கள் என்று ஆபிஸில் கேட்டுக் கொள்ளுங்கள்.

ஈ.பி.எப்., ஈ.டி.எப்.

ஊழியர் சேமலாப நிதியை நாம் ஈ.பி.எப். என்கிறோம். இது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி நடக்கிறது. நமது சம்பளத்தில் நூற்றுக்கு 8 கழிக்கிறார்கள். அதோடு தோட்டம் தன் பங்காக நூற்றுக்கு 12 போட வேண்டும். அந்த 12ஐ நமது சம்பளத்தில் பிடிக்க முடியாது. ஓவர்டைம் காசு இந்தக் கணக்கில் சேராது.

30,000 ரூபா சம்பளத்துக்கு நமது பங்கு 2,400, தோட்டத்தின் பங்கு 3,600. ஆக, நமது பெயரில் மாதம் 6,000 ரூபா சேருகிறது. துண்டில் 2,400 ரூபா குறைந்தது என்று வருத்தப்படுகிற நாம், 6,000 ரூபா சேர்ந்ததைக் காண்பதில்லை. அடுத்த மாதம் முடிவதற்குள் தோட்டம் இந்தப் பணத்தை நிதிக்கு அனுப்ப வேண்டும். பேர் குறைந்தால் இந்தச் சேமிப்பும் குறையும் என்பதை இளம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஈ.டி.எப். என்பது ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி தோட்டம் மட்டும் நூற்றுக்கு 3 கட்டுகிறது. நம்மிடம் ஒரு சதமும் எடுப்பதில்லை.

சேவைக்காலப் பணம்

இது ஈ.பி.எப்.பிலிருந்து வேறானது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தி செய்தவருக்கு இது உரியது. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பள வீதப்படி. 30 வருடம் கொழுந்து எடுத்த அம்மாவுக்கு 420 நாள் சம்பளம் வரவேண்டும். வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம்.

பெயர் ஒன்றாக இருக்கட்டும்

காசு சேர்ந்திருந்தும் கைக்கு வராமல் போவதற்கு நாங்கள் அடிக்கடி காணும் காரணம் பெயர்தான். செக்ரோலில் லெச்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி, பிறப்புப் பத்திரத்தில் மகாலெட்சுமி. மூன்றும் ஒரே ஆள் என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் கந்தோர் காகிதத்துக்குத் தெரியாது. வேலையை விட்ட பிறகு, வயதான காலத்தில் சத்தியக்கடதாசி எழுதவும் கடிதம் வாங்கவும் பஸ் ஏறி அலைகிறார்கள். கணக்கு முடியுமுன்னே கண்ணை மூடியவர்களும் உண்டு.

ஈ.பி.எப். பணத்தை, வேலையை விட்டவர்களில் ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் கேட்கலாம். அந்த வயது வரும்வரை காத்திராமல், வேலையில் இருக்கும்போதே பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் சரிபார்த்துத் திருத்திக் கொள்ளுங்கள். பின்னுரித்தாளியாக யாருடைய பெயர் இருக்கிறது என்றும் கேளுங்கள். கல்யாணத்துக்கு முன் தாயின் பெயரைக் கொடுத்தவர்கள் பலர் அதை மாற்றவே இல்லை.

காசு வந்த பின்

மொத்தமாகக் காசு வந்தால் சொந்தபந்தம் கைமாற்றுக் கேட்டு வரும். கொடுப்பதற்கு முன் வயதான காலத்து மருந்து, சாப்பாட்டுச் செலவை ஒதுக்கிவிடுங்கள். மீதியை வங்கியில் நிலையான வைப்பில் போடலாம். 2025 ஏப்ரல் முதல் வங்கி வட்டியில் நூற்றுக்கு 10 வரியாகப் பிடிக்கப்படுகிறது. வருட வருமானம் 1,800,000 ரூபாவுக்கு மேற்படாதவர்கள் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் அதைப் பிடிக்கமாட்டார்கள். வைப்புப் போடும்போதே அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த மாதமே செய்ய வேண்டியவை

1. சம்பளத் துண்டுகளை எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள்.
2. ஈ.பி.எப். மீதிக் கணக்கை ஆபிஸில் கேட்டு, துண்டோடு ஒப்பிடுங்கள். விடுபட்ட மாதம் இருந்தால் உடனே சொல்லுங்கள்.
3. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், செக்ரோல் மூன்றிலும் பெயர் ஒன்றா என்று பாருங்கள்.
4. பணம் எடுத்துத் தருகிறோம் என்று வரும் தரகரிடம் அடையாள அட்டையைக் கொடுக்க வேண்டாம், வெற்றுத்தாளில் கையொப்பமோ பெருவிரலோ வைக்க வேண்டாம்.

வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் துண்டை வாசித்துக் காட்ட வேண்டும். சந்தேகம் இருந்தால் துண்டையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள். உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்ப்போம்.